மேசைக்காரர் தீர்ப்பு

மாத்தளை
16.02.2025

தம்பி றினோஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும், அதனால் கேட்கிறேன். பதில் எனக்கு வேண்டாம். ஷிஃபானுக்கு இடது கண் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கண்டியில் எடுத்துவிட்டார்கள்.

நான் உனக்குக் கூடப்பிறந்த ராத்தா மட்டுமில்லை, அவனுக்கு மதினியும்தான். றிஷாதின் பெண்சாதியாக நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவருடைய தம்பி ஷிஃபான் அரைக்கால் சட்டை போட்ட பையன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் முகத்தில், ஒரு விளையாட்டுக் கார்டுக்காக, மிளகு மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியை இறக்கியிருக்கிறாய். நீ மனிதனா, மாடா? மாட்டுக்குக்கூட ஒரு காரணம் இருக்கும்.

ஸ்டோரில் மிளகு பரப்பியிருந்த சாக்கெல்லாம் இரத்தம். நான்தான் கழுவினேன். கழுவக் கழுவ உன்னைத் திட்டினேன், திட்டத் திட்ட அழுதேன். அவர் என்னை மறியல் சிறைப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வைத்தால் அப்படியே உம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். அதனால் உம்மா ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் உம்மாவிடமே கொடு, இந்த வீட்டு விலாசத்துக்குப் போடாதே.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

உன் ராத்தா,
நுஸ்லா


விளக்கமறியல்
23.02.2025

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் வேண்டாம் என்றாலும் சொல்கிறேன், சுகமாக இருக்கிறேன். உம்மா கொண்டுவந்த பாணும் சம்பலும் பத்துப் பேர் பங்கு போட்டுத் தின்றோம்.

கார்டுக்காகத்தான் அடித்தேன். நீங்கள் எழுதியது சரி. ஆனால் எந்த இடத்தில் தகராறு வந்தது என்று தெரியாமல் ஏசாதீர்கள்.

எங்கள் விளையாட்டில் சில கார்டுகளை நாமாகக் கை வைத்து இறக்க வேண்டும். சிலது தானாகக் கிளம்பும். இது நடந்தால் அது நடக்கும் என்று அதில் எழுதியிருக்கும். பொடியன்கள் நாங்கள் அதை வெடி என்போம். ஷிஃபானிடம் காவலன் என்று ஒரு கார்டு இருந்தது. காவலன் செத்தால் எதிரிக்கு ஐந்து உயிர் போகும், அதுதான் அதன் வெடி. எனக்கு அப்போது நாலு உயிர்தான் மிச்சம். ஆனால் என்னிடம் ஊமை மணி இருந்தது. வெடியைத் தடுக்கவென்றே இருக்கிற கார்டு அது. நான் காவலனைக் கொன்றேன், வெடி கிளம்பியது, உள்ளங்கையை மேசையில் வைத்து நில்லு என்று சொல்லி மணியைக் காட்டினேன். எங்கள் முறை அப்படி. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் செல்லாது.

காவலன் செத்துப்போனான், இல்லாத ஒன்றை எப்படி நிறுத்துவாய் என்று ஷிஃபான் கேட்டான். காவலன் செத்தாலும் அவனுடைய வெடி தனியே நிற்கிறது, அதைத்தான் நிறுத்துகிறேன் என்றேன். இப்படிச் சண்டை வந்தால் மேசை யாருடையதோ அவர் தீர்ப்புச் சொல்வார், அதற்குமேல் பேச்சில்லை. அன்று உங்கள் வீட்டுக்காரருடைய ஸ்டோர், அவருடைய மேசை. மச்சான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். விளையாட்டில் ஒரு எழுத்தும் தெரியாதவர். திரும்பிக்கூடப் பார்க்காமல் தம்பிக்குத் தீர்ப்புச் சொன்னார்.

யார் சரி என்று யாரிடமாவது விசாரித்து எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்.

தம்பி,
றினோஸ்


மாத்தளை
09.03.2025

றினோஸ்,

ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. அங்கே சஹருக்கு ஏதும் கொடுக்கிறார்களா என்று உம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

உனக்கு வெட்கமில்லையா? கண் போனவன் அடுத்த அறையில் முனகுகிறான், நீ உள்ளே இருந்துகொண்டு சட்டம் கேட்கிறாய். ஒவ்வொரு நாளும் அந்தக் குழியைக் கழுவி மருந்து வைப்பது நான். பஞ்சை எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு உம்மா உம்மா என்று கத்துகிறான். அவனுடைய உம்மா மௌத்தாகி வருடக்கணக்காகிறது. வந்து பார், யார் சரி என்று தெரியும்.

இன்னொன்றும் கேள். நீ பிணையில் வெளியே வரும் நாள்தான் உன் கடைசி நாள் என்று அவர் பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் கேட்கச் சத்தியம் செய்திருக்கிறார். கோபத்தில் சொன்னது, ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் குந்திக்கொண்டு மன்னாக் கத்தியைத் தீட்டுகிறார். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். மரக்கொப்பு வெட்டுகிற கத்திக்கு அவ்வளவு கூர் எதற்கு?

எழுத்துக் கோணல் மாணலாக இருந்தால் குறை நினைக்காதே. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

நுஸ்லா


விளக்கமறியல்
16.03.2025

ராத்தாவுக்கு,

ஸலாம். எந்தக் கை? எந்தப் பக்கம் விழுந்தீர்கள்? விழும்போது வீட்டில் யார் இருந்தது?

மச்சான் வரட்டும். நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். போன கிழமை படுக்கிற இடத்துக்காக ஒருவன் என் தலையைச் சுவரில் மோதினான். இரண்டாம் தரம் மோதுவதற்குள் அவன் விரலைக் கடித்துவிட்டேன். எலும்பு தட்டுப்பட்ட பிறகுதான் விட்டேன். இப்போது சுவரோரம் நான் படுக்கிறேன். இங்கே இருக்கிறவர்கள் கத்தி பிடிப்பது எப்படி, எங்கே இறக்கினால் எழும்பமாட்டான் என்று பாடம் மாதிரிச் சொல்லித் தருகிறார்கள். நான் நல்ல மாணவன்.

நான் கேட்டதை விசாரித்தீர்களா?

றினோஸ்


மாத்தளை
06.04.2025

தம்பிக்கு,

ஸலாம். பெருநாள் வந்தது, போனது. உம்மா உனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தாளாம், உள்ளே விடவில்லை என்று அழுதுகொண்டே திரும்பி வந்தாள். நீ விரலைக் கடித்த கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஷிஃபான் எழும்பி நடமாடுகிறான். ஸ்டோருக்குப் போகமாட்டான், கூட்டாளிமாரையும் பார்க்கமாட்டான். ஒரு நாள் கார்டுக் கட்டைத் தூக்கி என் மடியில் போட்டு, "மதினி, வெளயாட ஆளில்ல, நீங்க வாங்க" என்றான். அதைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அவன் முகத்துக்காக உட்கார்ந்தேன். முதல் நாள் என்னை நாலு தரம் கொன்றான். இப்போது சில நாள் நானும் கொல்கிறேன். அவனுக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் குழி வலிக்கிறது, வலித்தால் என்னை ஏசுகிறான்.

ஒன்று சொல்லித் தந்தான். வெடி கிளம்பியதும் உடனே சேதம் வராதாம். நடுவில் ஒரு மூச்சு நேரம் உண்டாம். அந்த நேரத்தில் மேசையில் இருக்கிற யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று கணக்காம். என்ன விளையாட்டு இது, பேசாமல் இருந்ததே சம்மதமா என்று கேட்டேன். ஆமாம் மதினி, அப்படித்தான் என்றான்.

நீ கேட்டதை நான் விசாரிக்கவில்லை. அவனே ஒற்றைக் கண்ணால் போனில் தேடிப் பார்த்தான். வாசிக்க வாசிக்கத் தலைவலி, விட்டுவிட்டு இரண்டு கிழமை தேடினான். பதில் கிடைத்த அன்று சோற்றுக் கோப்பையைச் சுவரில் அடித்து உடைத்தான். அந்தப் பதிலை நான் எழுதமாட்டேன்.

நுஸ்லா


விளக்கமறியல்
13.04.2025

ராத்தா,

ஸலாம். எழுதமாட்டேன் என்பதும் ஒரு பதில்தான். நான் பிழை என்றால் நீங்கள் நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள்.

கை எப்படி என்று கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை.

றினோஸ்


மாத்தளை
11.05.2025

என் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதம் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

நீதான் சரி. ஊமை மணி அந்த வெடியை நிறுத்தும். காவலன் செத்திருந்தாலும் நிறுத்தும். போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். கார்டுக்காக என்று ஏன் பொய் சொன்னாய்? ஷிஃபான் எல்லாம் சொல்லிவிட்டான். தீர்ப்பு வந்ததும் நீ எழும்பிப் போகத்தான் பார்த்தாயாம். போகும்போது மேசைக்காரருக்கு விளையாட்டுத் தெரியாது என்று சொன்னாயாம். அவர் உன் கன்னத்தில் ஒன்று விட்டாராம். அதையும் நீ தாங்கிக்கொண்டாயாம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஷிஃபான் அப்படியே சொன்னான். "ஒங்க ராத்தாவும் இப்பிடித்தான் வாய் காட்டுவா. ரெண்டு போட்டா அடங்கிருவா. நீயும் அடங்கு."

அப்போதுதான் கொக்கியைத் தூக்கினாய். அவரை நோக்கித்தான் ஓங்கினாய். குறுக்கே வந்தவன் இந்தப் பாவி ஷிஃபான்.

மூன்று மாதமாக உன்னை மாடு என்று ஏசிக்கொண்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மானம் போகும் என்று நினைத்தாயா? சரி, நானும் எழுதுகிறேன். நான் குளியலறையில் விழவில்லை. கறியில் உப்புக் கூடிப்போனது, கையை முறுக்கினார். போன வருடம் படியில் விழுந்தேன் என்றதும் அதுதான். ஒன்பது வருடத்தில் நான் விழுந்த விழுகைக்கு இந்த வீட்டில் படியே போதாது. இங்கே எல்லா மேசையும் அவருடையது, எல்லாத் தீர்ப்பும் அவருடையது. நான் வாய் திறக்காமல் இருந்தேன்.

ஆனால் எனக்காக நீ சண்டை பிடிக்க யார் கேட்டது? உன் ரோசத்துக்கு ஒரு பிள்ளையின் கண் போனது. அது எனக்கு ஆறவே ஆறாது.

29ஆம் திகதி உன் பிணை விசாரணை. இந்தத் தடவை கிடைக்கும் என்று சட்டத்தரணி உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கும் அந்தத் திகதி தெரியும். கோட்டு வாசலுக்கு வருவார். நான் என்ன செய்யட்டும்? எழுது.

ராத்தா


விளக்கமறியல்
18.05.2025

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். நான்தான் சரி என்று வாசித்ததும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். படவில்லை. கடதாசியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன்.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 29ஆம் திகதி வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள். மச்சான் மட்டும் வாசலில் நிற்கமாட்டார். இங்கிருந்து முன்னமே வெளியே போன ஒருவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். அவனிடம் எனக்கு ஒரு சாமான் இருக்கும். மச்சான் கையைத் தூக்குவதற்கு முன்னால் நான் முடித்துவிடுவேன். பிறகு எத்தனை வருடம் போட்டாலும் பரவாயில்லை. இனி உங்களை அடிக்க அந்த வீட்டில் ஆள் இருக்கக்கூடாது.

வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

றினோஸ்


உம்மா வீடு, மாத்தளை
08.06.2025

தம்பி றினோஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். உம்மா வீட்டில் இருக்கிறேன். உனக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். என் வாயாலும் கேள்.

29ஆம் திகதி காலை அவர் மன்னாவைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு, மேலே பெரிய சட்டை போட்டுக்கொண்டு போனார். அவர் போனதும் நான் ஒரு த்ரீவீல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கோட்டு வாசலில் தம்பிலி இளநீர் விற்கிற இடத்தில் அவர் நின்றார். எதிர்ப்பக்கம் நீலச் சட்டைக்காரன். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ வருகிற பஸ்ஸை. அவரைப் பிடித்துக் கெஞ்சினால் உன் ஆள் குத்துவான். உன் ஆளைத் துரத்தினால் அவர் வெட்டுவார். இரண்டையும் நிறுத்தினால்தான் ஒன்று நிற்கும்.

நேரே பொலிஸ் சார்ஜனிடம் போனேன். சந்தைக்குக் கேட்கிற சத்தத்தில் சிங்களத்தில் சொன்னேன், என் புருஷன் இடுப்பில் மன்னா இருக்கிறது, அந்த நீலச் சட்டைக்காரனிடம் கத்தி இருக்கிறது, இரண்டும் இப்போது வரப்போகிற என் தம்பிக்காக என்று. ஆம், உன் ஆளையும்தான் காட்டிக்கொடுத்தேன்.

அவர் பாய்ந்து வந்து மன்னாவின் பிடியால் என் வாயில் அடித்தார். மேற்பல் இரண்டு அந்த இடத்திலேயே விழுந்தது. அடுத்த அடிக்குக் கத்தியைத் திருப்பிப் பிடித்தார். வெட்டு காதை உரசிக்கொண்டு தோளில் இறங்கியது, பதினொரு தையல். அதற்குள் மூன்று பொலிஸ்காரர்கள் அவரைத் தரையில் போட்டுவிட்டார்கள். நீலச் சட்டைக்காரன் ஓடினான், பஸ் நிலையத்தில் பிடிபட்டான், இரண்டு அடியில் உன் பெயரைச் சொல்லிவிட்டான்.

இரத்தத்தோடு அப்படியே நீதவான் முன்னால் போய் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், பேசிவிட்டுத்தான் போவேன் என்றேன். ஒன்பது வருடத்தையும் சொன்னேன். வாயில் பல் இல்லாமல் காற்றுப் போனது, திரும்பத் திரும்பச் சொன்னேன். உன் பிணையை மறுத்துவிட்டார்கள். அதைக் கெடுத்தது நான்தான். நீ என்னை ஏசு, தலைமுழுகு, எனக்குக் கவலை இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய். நீ ஒருவரையும் கொல்லவில்லை.

ஒரே ஒரு கவலை. சாட்சி சொல்ல வந்த ஷிஃபான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். "நானாவக் காட்டிக் குடுத்துட்டீங்களே மதினி" என்றான், கூடப்பிறந்தவன் அல்லவா. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் பெறாத பிள்ளை அவன்.

இன்று உம்மாவோடு உன்னைப் பார்க்க வருகிறேன். பார்க்கமாட்டேன் என்று நீ சொன்னால் இந்தக் கடிதத்தை உம்மா தருவாள்.

ராத்தா,
நுஸ்லா


விளக்கமறியல்
20.07.2025

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தையல் பிரித்தார்களா? தோளைத் தூக்க முடிகிறதா? உம்மா ஒன்றும் ஒழுங்காகச் சொல்வதில்லை, அழுகிறாள்.

அன்று நீங்கள் வெளியே நின்றது தெரிந்தும் பார்க்கமாட்டேன் என்றேன். பிறகும் இரண்டு தடவை அப்படியே திருப்பி அனுப்பினேன். கையில் வந்த பிணையைச் சொந்த ராத்தாவே தட்டிவிட்டாள் என்று கண்டவனிடமெல்லாம் சொல்லி ஏசினேன். உங்களை ஏசி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மச்சானை எங்கள் பக்கத்துக்கு மாற்றினார்கள். பகல் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறோம். பருப்பு ஊற்றுகிற வேலை எனக்கு. கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி என் கையில். அவர் தட்டை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் இருவரும் பார்த்தோம். அவருக்குக் கன்னம் ஒட்டிப்போய் தாடி நரைத்துவிட்டது. பின்னால் நின்றவர்களுக்குக் கதை தெரியும். "ஊத்துடா, மூஞ்சில ஊத்து" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாளியைத் தூக்கினேன், ராத்தா. பொய் சொல்லமாட்டேன். தூக்கி நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஷிஃபானும் அன்று அப்படித்தான் மறைத்தான். அவன் கை கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். "வேண்டாம்" என்று எனக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். பிறகு அகப்பையை எடுத்து அவர் தட்டில் பருப்பு ஊற்றினேன். பாதி என் காலில் கொட்டியது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த வழக்குத் தவணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். இழுபறியில் தெரியாமல் பட்டது என்று சொல்லச் சொல்கிறார் சட்டத்தரணி. தெரியாமல் படவில்லை. ஒரு மனிதனைக் கொல்ல ஓங்கினேன், என் கூட்டாளியின் கண்ணை எடுத்தேன். அதை அப்படியே சொல்வேன். எத்தனை வருடம் என்று தெரியாது. உம்மாவுக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இந்த முறை பார்ப்பேன். ஷாலால் வாயை மூடிக்கொண்டுதான் இப்போது வெளியே போகிறீர்களாம், உம்மா சொன்னாள். இங்கே வரும்போது மூடாதீர்கள். எனக்காக என்ன கொடுத்தீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

உங்கள் தம்பி,
றினோஸ்